ஓடும் குவாட்டர்பேக் நிலைப்பாரா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: கல்லூரியில் காலை வைத்தே ஆட்டங்களை வென்ற குவாட்டர்பேக், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் தாக்குப்பிடிப்பாரா?

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்கு. அவர் அதை எறியலாம், பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். தடுப்பாளர்கள் அவரைச் சுற்றி அமைக்கும் காப்பு வளையம்தான் பாக்கெட். எறிவதற்கு முன் அவர் பிடிபட்டால் அது சாக்.

கேள்வி: கல்லூரியில் ஒரே சீசனில் ஆயிரம் யார்டு ஓடியவர்கள்கூட என்.எஃப்.எல்.-க்குப் போனதும் தடுமாறுகிறார்களே, ஏன்? மைதானம் ஒன்றுதானே?

பதில்: மைதானத்தின் அளவு ஒன்றுதான், அகலம் 160 அடி. ஆனால் பந்தை வைக்கும் இடம் வேறு. ஒவ்வொரு முயற்சியும் மைதானத்தின் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஹாஷ் கோடுகளின் மேலோ, அவற்றுக்கு இடையிலோதான் தொடங்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கோடுகளுக்கு நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து இடது கோட்டில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி கிடைக்கும். அந்த நூறு அடிப் பக்கம்தான் ஓடும் குவாட்டர்பேக்கின் சொத்து. என்.எஃப்.எல்.-இல் அதே நிலையில் கிடைப்பது சுமார் 71 அடியும் 89 அடியும். அகலமான பக்கத்தில் பத்தடிக்கு மேல் போய்விடுகிறது. ஓரத்தைச் சுற்றி வளைந்து ஓடும் ஆட்டத்தில் பத்தடி என்பது ஒரு எதிராளி வந்து சேரப் போதுமான தூரம்.

வருகிற எதிராளியும் வேறு ஆள். கிளீவ்லாண்ட் அணி 2017 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில்) முதலாவதாக எடுத்த மைல்ஸ் காரெட்டின் எடை 272 பவுண்டு. அவர் 40 யார்டை 4.64 விநாடியில் ஓடியவர். கல்லூரி சீசனில் இப்படிப்பட்டவர்களை எதிர்கொள்வது சில வாரங்களில்தான். மற்ற வாரங்களில் குவாட்டர்பேக்கின் வேகமே எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். என்.எஃப்.எல்.-இல் 17 ஆட்டங்களிலும் இந்தத் தரத்தில்தான் ஆட்கள் எதிரே நிற்பார்கள்.

விதியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பந்தை எறிவதற்கு முன் தடுப்பாளர்கள் பந்து வைத்த கோட்டைத் தாண்டி கல்லூரியில் 3 யார்டு வரை போகலாம், என்.எஃப்.எல்.-இல் ஒரே ஒரு யார்டுதான். ஓட்டம் போலவே காட்டிக் கடைசி நொடியில் எறிகிற ஆர்.பி.ஓ. வகை ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு எளிதாக வேலை செய்வதற்கு இது முக்கியமான காரணம். தடுப்பாளர்கள் முன்னே பாய்வதைப் பார்த்து, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஓட்டம் என்று நம்பிவிடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் பந்து பறந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மூன்றாம் முயற்சி. ஏழெட்டு யார்டு தேவை, எறியப்போகிறார் என்று அரங்கம் முழுக்கத் தெரியும். அந்த நேரத்தில் பாக்கெட்டுக்குள் நின்று இரண்டரை விநாடிக்குள் இரண்டாவது, மூன்றாவது ரிசீவர்வரை (எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுபவர்) பார்த்து எறியத் தெரிய வேண்டும். அது தெரிந்தவர்கள் ஓட்டத்தையும் சேர்த்து வைத்து லீக்கையே ஆட்டிவைக்கிறார்கள். தெரியாதவர்களை எதிரணிகள் இரண்டாவது சீசனுக்குள் கண்டுபிடித்துவிடும். தோற்றவர்கள் அதிகம் ஓடியதால் தோற்றார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனவர்களே தோற்றார்கள்.

கேள்வி: சோன் ரீட் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? என்.எஃப்.எல். அணிகள் அதை எப்படி அடக்குகின்றன?

பதில்: குவாட்டர்பேக் கோட்டுக்குச் சுமார் ஐந்து யார்டு பின்னால் நிற்பார், ரன்னிங் பேக் பக்கத்தில். பந்து வந்ததும் தடுப்பாளர்கள் எல்லோரும் ஒரே திசையில் நகர்வார்கள். எதிர்த்திசை ஓரத்தில் இருக்கும் எதிரணி முன்வரிசை ஆளான டிஃபென்சிவ் எண்டை மட்டும் யாரும் தடுக்கமாட்டார்கள். வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி கண்ணை அந்த எண்டின் மீது வைத்திருப்பார். எண்ட் உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தில் ஓடுவார். எண்ட் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தை ரன்னிங் பேக்கிடமே விட்டுவிடுவார்.

இதில் லாபம் ஆள் கணக்கில் வருகிறது. வழக்கமான ஓட்டத்தில் பந்தைக் கொடுத்துவிட்டுக் குவாட்டர்பேக் ஒதுங்கிவிடுவதால் பத்துப் பேர் பதினொரு பேரைச் சமாளிக்க வேண்டும். இங்கே எண்டைத் தடுக்காமலேயே செயலிழக்க வைத்தாயிற்று, மிச்சப்பட்ட தடுப்பாளர் நேராக ஒரு லைன்பேக்கர் மீது போகிறார்.

அடக்கும் வழிகளில் முதலாவது, ஆளை மாற்றிக்கொள்வது. எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். குவாட்டர்பேக் ‘இடம் திறந்தது’ என்று பந்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், சுற்றிக்கொண்டு வந்த லைன்பேக்கர் அங்கே காத்திருப்பார். இரண்டாவது, எண்ட் பாயாமலும் பின்வாங்காமலும் சின்னச் சின்ன அடி வைத்துக் குவாட்டர்பேக்கைத் தயங்க வைப்பது. அரை விநாடி தயங்கினால் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். குவாட்டர்பேக்கும் ரன்னிங் பேக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கணத்தில்தான் பந்து கீழே விழுவதும் நடக்கும். மூன்றாவது கொஞ்சம் முரட்டுத்தனமானது: பந்து யாரிடம் இருந்தாலும் குவாட்டர்பேக்கை இடி. ரீட் ஆட்டத்தில் பந்து இருப்பதுபோல் நடிக்கும் குவாட்டர்பேக்குக்குப் பாக்கெட்டில் நிற்பவருக்குரிய பாதுகாப்பு கிடையாது, அவரை ஓட்டக்காரராகவே கருதலாம் என்று லீக் 2013-இல் தெளிவுபடுத்தியது. ஒரே போட்டியில் இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது அதனால் துணிச்சலான காரியம்.

மாற்று மருந்தும் உண்டு. சுற்றி வரும் லைன்பேக்கரைத் தடுக்க டைட் எண்டையோ (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), ஃபுல்பேக்கையோ (பின்னாலிருந்து வந்து தடுப்பவர்) வெளியே வளைத்து அனுப்புவார்கள். அல்லது எண்டுக்குப் பதிலாக எதிரணி முன்வரிசையின் நடுவில் இருக்கும் பெரிய டாக்கிளைத் தடுக்காமல் விட்டு அவரைப் பார்த்து முடிவெடுப்பார்கள். எப்போதும் யாராவது இடித்துத் தடுப்பதற்குப் பழகிய டாக்கிளுக்கு இப்படித் தனியாக விடப்படுவது பழக்கமே இல்லாதது.

கேள்வி: லாமார் ஜாக்சன் மட்டும் எப்படி ஜெயித்தார்?

பதில்: அவர் மட்டும் அல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன். லூயிவில் கல்லூரியில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 2016-இல் வாங்கியவர். அப்படியிருந்தும் 2018 டிராஃப்டின் முதல் சுற்றில் கடைசி ஆளாக, 32-ஆவதாகத்தான் பால்டிமோர் அவரை எடுத்தது. ரிசீவராக மாறிவிடலாமே என்ற பேச்சுகூட அப்போது வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் கைக்கு அணி வந்தது. ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. அடுத்து, தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றில் சார்ஜர்ஸ் அணியிடம் 23-17 தோல்வி.

கவனிக்க வேண்டியது அந்தத் தோல்வியைத்தான். இரண்டு வாரத்துக்கு முன் பால்டிமோரிடம் தோற்ற சார்ஜர்ஸ், இந்த முறை கனமான லைன்பேக்கர்களை உட்கார வைத்துவிட்டு ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் ஏழு பின்கள ஆட்டக்காரர்களை இறக்கியது. வேகத்துக்கு வேகம். ஓரத்தில் எங்கே ஓடினாலும் ஒருவர் நின்றார்.

பால்டிமோர் 2019-இல் இதற்குக் கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடித்த அணிக் கட்டுமானங்களில் ஒன்று. எதிரணி மெலிந்தால் நாம் கனமாவோம் என்று மூன்று டைட் எண்டுகளையும், 300 பவுண்டு எடையுள்ள பேட்ரிக் ரிக்கார்ட் என்ற ஃபுல்பேக்கையும் வைத்துக்கொண்டு திட்டத்தையே புதிதாக எழுதினார்கள். மெலிந்த பின்கள ஆட்களை நிறுத்தினால் இவர்கள் இடித்துத் தள்ளுவார்கள். கனமான ஆட்களை நிறுத்தினால் ஜாக்சன் அவர்களைத் தாண்டி ஓடுவார், அல்லது டைட் எண்டுகளுக்கு நடுவில் எறிவார். அந்த சீசனில் அணி ஓடியது 3,296 யார்டு, லீக் சாதனை. ஜாக்சன் மட்டும் 1,206 யார்டு ஓடினார், 36 டச் டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) எறிந்தார், எல்லா வாக்குகளும் பெற்று லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் (எம்.வி.பி.) ஆனார்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே சீசனின் பிளேஆஃபில் டென்னசியிடம் 28-12 என்று தோற்றார்கள். ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டதால் எறிந்தே ஆக வேண்டிய நிலை. ஓட்டத்துக்காகக் கட்டிய அணிக்கு அதுதான் கண்டம். ஜாக்சனின் உண்மையான வளர்ச்சி அதற்குப் பின்னால் வந்தது. 2019-இல் 176 முறை ஓடியவர் 2024-இல் 139 முறைதான் ஓடினார். அந்த 2024 சீசனில் அவர் எறிந்த டச் டவுன் 41, எதிரணியிடம் பறிகொடுத்த பந்து 4. ஒரே சீசனில் 4,000 யார்டுக்கு மேல் எறிந்து 900 யார்டுக்கு மேல் ஓடிய முதல் ஆள் அவர்.

இன்னொரு பக்கம் ஜேலன் ஹர்ட்ஸ். 2020-இல் 53-ஆவதாக எடுக்கப்பட்டவர், 2025 பிப்ரவரியில் நடந்த லீக் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர். அவருடையது ஜாக்சனைப் போல வளைந்து ஓடும் ஓட்டம் அல்ல. தொடை பலத்தில் ஒரு யார்டைத் தள்ளி எடுப்பது. பின்னாலிருந்து ஆட்கள் தள்ள அவர் முன்னேறும் ஆட்டத்தைத் தடைசெய்ய 2025 மே மாதம் அணிகளிடையே வாக்கெடுப்பே நடந்தது. தேவை 24 வாக்கு, கிடைத்தது 22.

கேள்வி: இவ்வளவு சிரமப்படுவதற்குப் பேசாமல் ரிசீவராக மாற்றிவிடலாமே?

பதில்: எறியவே வராதவருக்கு அது நல்ல வழி. கென்ட் ஸ்டேட் கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்த ஜூலியன் எடல்மன் 2009-இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டு ரிசீவராகி, ஒரு சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். ஆனால் 2001-இன் ஹைஸ்மன் விருது பெற்ற நெப்ராஸ்காவின் எரிக் கிரௌச்சை ரிசீவராக்கப் பார்த்தார்கள், என்.எஃப்.எல்.-இன் முறையான சீசனில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. வேகம் இருந்தால் ரிசீவர் ஆகிவிடலாம் என்பது தப்புக் கணக்கு. திசை மாற்றும் அடிகள், கையால் தள்ளும் பின்கள ஆட்டக்காரரிடமிருந்து விடுபடுவது எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.

கேள்வி: ஓடுகிறவருக்குத்தான் காயம் அதிகம் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. பாக்கெட்டில் நிற்பவருக்கு அடி வருவது தெரியாது. டாம் பிரேடிக்கு 2008-இல் முழங்கால் போனது பாக்கெட்டில் நிற்கும்போதுதான். ஜாக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள், 2022 டிசம்பரில் அவர் சீசனை முடித்த முழங்கால் காயம் ஒரு சாக்கில் வந்தது. ஓடும்போது எதிராளி கண்ணுக்குத் தெரிகிறார், விலகலாம், சறுக்கலாம், கோட்டுக்கு வெளியே போகலாம்.

மறுபாதி என்னவென்றால், அடிகள் சேர்ந்துகொண்டே போகும். ராபர்ட் கிரிஃபின் 2012-இல் வாஷிங்டனுக்கு வந்த முதல் சீசனிலேயே 815 யார்டு ஓடினார். டிசம்பரில் முழங்காலில் அடி. ஒரு ஆட்டம் மட்டும் ஓய்வு. 2013 ஜனவரி பிளேஆஃபில் அதே வலது முழங்காலோடு இறங்கி, அதன் தசைநார்கள் கிழிந்தன. பழைய கிரிஃபின் திரும்பி வரவே இல்லை. அவரைக் கெடுத்தது ஓட்டம் என்பார்கள். சரியாக ஆறாத காலோடு ஆட வைத்ததுதான் கெடுத்தது என்பது என் உறுதியான கருத்து. ஆறடி ஐந்து அங்குலம், 245 பவுண்டு இருந்த கேம் நியூட்டனுக்கு வேறு விதம்: 2015-இல் எம்.வி.பி. ஆனவர், எறியும் தோளில் 2017-இலும் 2019-இலும் அறுவை சிகிச்சை. பெரிய உடம்பு என்பதால் கோல் கோட்டருகே எல்லாம் அவரையே ஓட வைத்தார்கள்.

சறுக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலை முன்னே நீட்டிச் சறுக்கினால் அவரைத் தொடக்கூடாது. சறுக்கத் தொடங்கிய இடத்தில் பந்து வைக்கப்படும். அதனால் எட்ட வேண்டிய கோட்டைத் தாண்டிய பிறகே சறுக்க வேண்டும், அரை யார்டு முன்னால் சறுக்கினால் முயற்சி வீண். எதிராளி மூன்று நான்கு யார்டு தூரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் என்ன ஆகும்? எதிராளி நெஞ்சைக் குறிவைத்துப் பாய்ந்திருப்பார். சறுக்கியவரின் தலை அதற்குள் நெஞ்சு இருந்த உயரத்துக்கு இறங்கிவிடும். 2024 டிசம்பரில் ட்ரெவர் லாரன்ஸ் சறுக்கும்போது தலையில் வாங்கிய அடிக்காக, அடித்தவருக்கு மூன்று ஆட்டங்கள் தடை விதித்தார்கள். விதி பின்னால்தான் தண்டிக்கும், முன்னால் காக்காது.

கேள்வி: டிராஃப்டுக்கு முன் கல்லூரிப் புள்ளிவிவரத்தில் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் ஓட்டக் கணக்கைத் திருத்துங்கள். கல்லூரியில் சாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள், என்.எஃப்.எல்.-இல் கழிக்கமாட்டார்கள். உதாரணமாக ஒருவர் 15 முறை ஓடி 100 யார்டு எடுத்து, 3 சாக்கில் 20 யார்டு இழந்தால், கல்லூரிக் கணக்கில் 18 ஓட்டம், 80 யார்டு. தொழில்முறைக் கணக்கில் 15 ஓட்டம், 100 யார்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

அடுத்து, திட்டமிட்ட ஓட்டத்தையும் எறிய இறங்கிவிட்டுத் தப்பி ஓடியதையும் பிரியுங்கள். தப்பி ஓடியவற்றை வீடியோவில் பாருங்கள். பாக்கெட் உடைந்ததால் ஓடினாரா, முதல் ரிசீவர் கிடைக்காததால் ஓடினாரா? இரண்டாவது வகை அதிகம் என்றால் கவனம் தேவை. நல்ல பாக்கெட்டை விட்டு வெளியே ஓடினால் தடுப்பாளருக்கு அவர் எங்கே போனார் என்று தெரியாது. எதிராளி திடீரெனத் திரும்புவார், தடுப்பாளர் சட்டையைப் பிடிப்பார், 10 யார்டு அபராதம். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 2022-இல் 1,143 யார்டு ஓடினார். அதே சீசனில் 55 முறை சாக் ஆனார். ஓட்டத்தில் கிடைத்தது அப்படித் திரும்பிப் போயிற்று. ஈராண்டு கழித்து சிகாகோ அவரை விட்டுவிட்டது.

பிறகு எறிந்ததில் பிடிபட்ட விழுக்காடு, அதோடு எத்தனை ஆட்டம் முழுநேரம் ஆடினார் என்பது. ஆன்டனி ரிச்சர்ட்சன் ஃபுளோரிடா கல்லூரியில் 13 ஆட்டங்கள்தான் தொடங்கினார், 2022-இல் 53.8 விழுக்காடு. வியக்கவைக்கும் உடல்வாகைப் பார்த்து 2023-இல் நான்காவதாக எடுத்தார்கள். 2024-இல் அவருடைய விழுக்காடு 47.7. மாறாக ஜெய்டன் டேனியல்ஸ் ஐந்து கல்லூரி சீசன் ஆடி, கடைசி சீசனில் 72 விழுக்காட்டைத் தொட்டு வந்தவர். வாஷிங்டனில் முதல் ஆண்டிலேயே 891 யார்டு ஓடி, அணியை சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார்.

கேள்வி: எறியும் முறையை பிறகு திருத்திக்கொள்ள முடியாதா?

பதில்: துல்லியம் ஓரளவு திருந்தும், ஆனால் கோளாறு எங்கே என்பதைப் பொறுத்தது. வயோமிங் கல்லூரியில் 56 விழுக்காடு எறிந்த ஜோஷ் ஆலன் 2018-இல் 52.8, 2019-இல் 58.8, 2020-இல் 69.2 என்று ஏறினார். அவருடைய கோளாறு காலில் இருந்தது: முன்கால் அதிகம் நீண்டு, இடுப்பு திரும்புவதற்கு முன் கை போய்விடும். கால் அடியைச் சுருக்கியதும் பந்து அடங்கியது. டிம் டீபோவுக்குக் கோளாறு கையிலேயே. பந்தை இடுப்புவரை இறக்கிவிட்டுத்தான் எறிவார். அந்த வளையத்துக்குள் பின்கள ஆட்டக்காரர் ஓரடி முன்னே வந்துவிடுவார். சிறுவயதிலிருந்து ஊறிய அந்த அசைவை அவர் பயிற்சியில் மாற்றினார், நெருக்கடியில் அது திரும்பி வந்தது. 2011-இல் அவர் விழுக்காடு 46.5.

கேள்வி: அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணியில் என் மகன் குவாட்டர்பேக். நன்றாக ஓடுகிறான். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: ஓடும் பயிற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது குறையாது. ஏழுக்கு ஏழு பயிற்சியில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும். இரண்டரை விநாடியில் விசில். விசிலுக்குள் எறிய வேண்டும், ஓடக்கூடாது. முதலில் தடுமாறுவான், விட்டுவிடாதீர்கள். பந்து கைக்கு வருவதற்கு முன் பின்களத்தில் சேஃப்டிகள் (எதிரணியின் கடைசிக் காவல் ஆட்கள்) ஒருவரா இருவரா என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு நேர் பின்னால் குனிந்து பந்து வாங்குவதைத் தினமும் கொஞ்சம் பழகட்டும். தள்ளி நின்றே வாங்கிப் பழகியவர்களுக்குப் பெரிய அணிகளில் பந்து நழுவுவது இங்கேதான்.

வலக்கைக்காரன் என்றால் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே எறிவதைத் தனியாகப் பழக வேண்டும். முன் தோளை இலக்கை நோக்கித் திருப்பிய பிறகே கை போக வேண்டும், இல்லாவிட்டால் பந்து ரிசீவருக்குப் பின்னால் விழும். ஓடும்போது பந்து எப்போதும் ஓரக்கோட்டுப் பக்கக் கையில் இருக்கட்டும்.

சறுக்குவதற்கு ஈரப் புல்லில் தார்ப்பாய் விரித்து, ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு பழக்குங்கள். ஒரு கால் மடிந்து அடியில், மற்றது நீண்டு முன்னால், பந்து இரண்டு கையாலும் நெஞ்சோடு. பின்னால் கை ஊன்றுகிறானா என்று பாருங்கள். மணிக்கட்டு போவது அப்படித்தான். வேகத்தைக் குறைத்துவிட்டுச் சறுக்குகிறான் என்றால் இன்னும் பயம் போகவில்லை. முழு வேகத்தில் வந்து சறுக்கும்வரை தார்ப்பாயை மடிக்க வேண்டாம்.